‘வாழப் பிடிக்கவில்லை’ என்று பிள்ளை சொன்னால்: இறைநம்பிக்கையும் தற்கொலை எண்ணமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, பெற்றோர் கூட்டங்களிலும் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரங்களிலும் வளரிளம் பருவப் பிள்ளைகளோடும் அவர்களுடைய வீட்டாரோடும் பேசி வருகிறேன். குடியாத்தத்தில் கேட்ட கேள்வியையே ஆம்பூரிலும் கேட்டார்கள். மேல்விஷாரத்தில் கேட்டதையே காட்பாடியில் ஜெபக்கூட்டம் முடிந்து வந்த ஒரு தாயும் கேட்டார். ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லேன். மருத்துவர்களிடமும் சமயப் பெரியவர்களிடமும் கேட்டுத் தெளிந்தவற்றையே எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் நீங்களே அந்த எண்ணத்தோடு இருந்தால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். 14416 என்ற எண்ணை இப்போதே அழையுங்கள். அது டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநலச் சேவை; இரவிலும் பகலிலும் தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104, சிறுவர்களுக்கு 1098 ஆகிய எண்களும் உள்ளன. தொலைபேசியில் பேசக் கூச்சமாக இருந்தால், வீட்டில் யாராவது ஒருவரை எழுப்பி அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

சாமி பக்தி உள்ள பிள்ளைக்கு இப்படியெல்லாம் எண்ணம் வருமா?

வரும். மனச்சோர்வு ஒரு நோய். மஞ்சள் காமாலை பக்தியைப் பார்த்து வருவதில்லை, இதுவும் அப்படியே. வீட்டில் அடிதடி, தேர்வில் தோல்வி, காதல் முறிவு, நான்கு பேர் முன்னிலையில் பட்ட அவமானம், வெளியில் சொல்ல முடியாத பாலியல் துன்புறுத்தல் ஆகியவையும் தினமும் விளக்கேற்றும் வீட்டுக்குள் நுழையாமல் இருப்பதில்லை.

வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை நிகழ்ந்த இளையோர் மரணங்களை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் இறந்தவர்களின் வீட்டாரிடம் கேட்டறிந்து ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். 10 முதல் 19 வயதுக்கு உட்பட்டோரில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களுக்கு 148 பேரும் ஒரு லட்சம் ஆண்களுக்கு 58 பேரும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த எண்கள் அன்றைய நிலையைக் காட்டுபவை. ஆனால் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்காத ஊர் அந்தப் பக்கத்தில் எது? பக்தி குறைந்த ஊர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இப்படி நினைப்பதே பாவம் இல்லையா?

நினைப்பு தானாக வருகிறது. அதைப் பிள்ளை வேண்டி வரவழைப்பதில்லை. என்னிடம் பேசிய பிள்ளைகளில் பலர், எண்ணத்தால் பட்ட வேதனையைவிட, ‘எனக்கு இப்படித் தோன்றுவதால் கடவுளே என்னைக் கைவிட்டுவிட்டார்’ என்ற வேதனையால்தான் அதிகம் வாடியிருந்தார்கள். நம் சமயங்களின் பெரிய மனிதர்களும் இந்த இடத்தில் நின்றவர்கள்தாம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

விவிலியத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்கிறார். வந்த தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொல்கிறான். தூங்கவிட்டு மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். குர்ஆனின் 19-ஆம் அத்தியாயத்தில் பிரசவ வேதனையில் தனியாக இருக்கும் மர்யம் அம்மையார், ‘இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா’ என்கிறார். அவருக்கும் கிடைத்த பதில் காலடியில் நீரோடையும், பேரீச்சம்பழமும், ‘கவலைப்படாதே’ என்ற சொல்லும்தான். அசோகவனத்தில் சீதை உயிரை விடத் துணிந்த நேரத்தில் அனுமன் முதலில் செய்தது, இராமன் பெயரைச் சொல்லி, ‘உன்னைத் தேடுகிறார்கள்’ என்று தெரிவித்தது.

மூன்று இடங்களிலும் ஒருவர் பக்கத்தில் வந்தார். மூன்று இடங்களிலும் ‘நீ எப்படி இப்படி நினைக்கலாம்’ என்று யாரும் கேட்கவில்லை. சமயத்திடம் ஒரு பெற்றோர் கற்றுக்கொள்ள வேண்டியது இதில் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

எந்த மதத்துப் பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவு? எங்கள் மதத்தில் இது கிடையாது என்கிறார்களே?

‘எங்களிடம் கிடையாது’ என்ற பேச்சை எல்லாத் தெருவிலும் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லும் இடத்தில்தான் பிள்ளை வாயைத் திறக்கத் தயங்குகிறது.

பிரான்சு நாட்டுச் சமூகவியலாளர் எமில் துர்கேம் 1897-இலேயே இந்தக் கேள்வியை எடுத்து, ஐரோப்பாவில் புராட்டஸ்டண்டுகளைவிடக் கத்தோலிக்கரிடையே தற்கொலை குறைவு என்று கணக்கிட்டார். அதற்குக் கொள்கையைக் காட்டிலும், ஒருவரோடொருவர் பிணைந்து வாழும் சமூகமே காரணம் என்றார். அவருடைய கணக்கைப் பின்னால் வந்தவர்கள் பலவாறு மறுத்துமிருக்கிறார்கள். சென்னையில் தற்கொலையால் இறந்த 100 பேரை உயிரோடிருக்கும் 100 பேரோடு ஒப்பிட்டு 1999-இல் வெளியான ஆய்வில், இறந்தவர்களிடையே கடவுள் நம்பிக்கையும் வழிபாட்டுக்குப் போவதும் குறைவாக இருந்தன. அது எல்லா வயதினரையும் பற்றியது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு இன்னும் நுட்பமாகச் சொல்கிறது: ஒரு மதத்தைச் சேர்ந்திருப்பது தற்கொலை எண்ணம் வராமல் காக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் எண்ணம் முயற்சியாக மாறுவதைத் தடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், நம்பிக்கை சில நேரம் கையைப் பிடித்து நிறுத்துகிறது. மனத்துக்குள் எரிவதை அது மட்டுமே அணைத்துவிடுவதில்லை. ஆகவே, ‘என் பிள்ளை ஐந்து வேளையும் தொழுகிறான்’, ‘என் மகள் ஞாயிறு தவறாமல் கோயிலில் பாடுகிறாள்’ என்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

நேராகவே கேட்டுவிட்டால், நாமே அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடாதா?

ஆகாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வில், தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்கப்பட்ட மாணவர்களுக்கு அதனால் அந்த எண்ணமோ மனவேதனையோ கூடவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளும் அதையே உறுதி செய்தன.

கேட்கும் விதம் முக்கியம். ‘அந்த மாதிரி எதுவும் நினைக்கவில்லைதானே?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்ற பதிலை நாமே வாயில் ஊட்டிவிடுகிறோம். ‘உயிரை விட்டுவிடலாமா என்று உனக்குத் தோன்றுகிறதா, கண்ணு?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகன் உயிராக வைத்திருந்த கிரிக்கெட் மட்டையைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தூக்கிக் கொடுத்ததைப் பார்த்தார். கைப்பிடியில் அவனே சுற்றிய பச்சை நாடாவோடு, துடைத்துக் கொடுத்திருந்தான். நல்ல குணம் வந்துவிட்டது என்று உறவினர்கள் மெச்சினார்கள். அந்தத் தாய்க்கு மட்டும் வயிறு கலங்கியது. அன்று இரவு கேட்டார், பையன் அழுதான், மறுநாள் காலை மருத்துவமனையில் இருந்தார்கள். நெடுநாள் ஆசையாக வைத்திருந்ததைத் திடீரென்று கொடுத்துவிடுவது, விடைபெறுவது போலப் பேசுவது, பல வாரத் துயரத்துக்குப் பிறகு காரணமில்லாமல் அமைதியாகிவிடுவது ஆகியவற்றைக் கண்டால் நாள் கடத்த வேண்டாம். வயலுக்கு வாங்கி வைத்தவை, தாத்தா பாட்டியின் மருந்துகள் முதலிய ஆபத்தான பொருள்களைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வீட்டைவிட்டே அகற்றுங்கள். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

‘நரகத்துக்குத்தான் போவாய்’ என்று பயமுறுத்தினால் நின்றுவிடுவான் அல்லவா?

சிலரை அந்த அச்சம் தடுக்கிறது என்பது உண்மை. ஒரு பெண் தானே என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் மனத்தில் தானாக இருந்த அச்சம் வேறு. வேதனையில் இருக்கும் பிள்ளையின் முகத்துக்கு நேரே நாம் எறியும் அச்சம் வேறு. ‘கடவுள் என்னைத் தண்டிக்கிறார்’ என்ற உணர்வு மிகுந்தவர்களுக்குத் தற்கொலை எண்ணமும் மிகுந்து காணப்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. மேலும், ஒருமுறை நரகத்தைச் சொல்லிவிட்டால் அடுத்த முறை எண்ணம் வரும்போது பிள்ளை உங்களிடம் சொல்லாது.

குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம் 29-ஆம் வசனம் ‘உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள்’ என்று விலக்கிவிட்டு, அதே மூச்சில் அல்லாஹ் உங்கள்மீது கருணையுடையவன் என்று முடிகிறது. ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு ஹஸ்ரத் (இஸ்லாமிய மார்க்கப் பெரியவர்), மதரசாவில் படித்த ஒரு சிறுவனைப் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார வைத்து, தம் பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, ‘நேற்றிலிருந்து சாப்பிட்டாயாப்பா?’ என்றுதான் தொடங்கினார். அந்த வசனத்தின் இரண்டாம் பாதியை அன்று நான் கண்ணால் பார்த்தேன்.

காத்து கருப்பு அடித்திருக்கும் என்கிறார்கள். முதலில் கோயிலுக்கா, மருத்துவமனைக்கா?

பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் முதலில் மருத்துவமனைக்கு. வேலூருக்கு இதில் ஒரு பேறு உண்டு: பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இலிருந்து இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறைக்கு நாட்டில் முன்னோடி அது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம்.

மந்திரிப்பதும், தண்ணீர் ஓதிக் கொடுப்பதும், திருநீறு பூசுவதும் பிள்ளைக்கு ஆறுதல் தருமானால் செய்யுங்கள். நான் தடுக்க மாட்டேன். ஆனால் பட்டினி போடுவது, அடிப்பது, கட்டி வைப்பது ஆகியவற்றை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி இறந்தார்கள். சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது. அதே ஊரின் தர்காவில் பிறகு துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் தரும் ஏற்பாடு வந்தது. இரண்டும் சேர்ந்து நடக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மாத்திரை சாப்பிட்டால் விசுவாசக் குறைவு என்கிறார்கள். நோன்பு மாதத்தில் என்ன செய்வது?

கண்ணாடி அணிந்து வேதம் படிப்பவரை யாரும் விசுவாசம் குறைந்தவர் என்பதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை அதை எழுதிய மருத்துவருக்கு மட்டுமே உண்டு. திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நோயுற்றவர் நோன்பை வேறு நாள்களில் நோற்கலாம் என்று குர்ஆனே (2:185) சலுகை தருகிறது. சஹர் (நோன்புக்கு முன் உண்ணும் வேளை), இஃப்தார் (நோன்பு திறக்கும் வேளை) நேரங்களுக்கு ஏற்ப மாத்திரை வேளையை மாற்ற முடியுமா என்பதை ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். சஷ்டி விரதம், தவக்கால உபவாசம் ஆகியவற்றுக்கும் இதுவே.

அருணகிரிநாதரை முருகன் தாங்கினாரே, என்னையும் தாங்க மாட்டாரா?

இதைக் கேட்டது பதினாறு வயதுப் பையன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தவன். பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த திருவண்ணாமலையில், வாழ்வை வெறுத்து உயிரை விடத் துணிந்த அருணகிரியை முருகன் தடுத்தாட்கொண்டு பாட வைத்தான் என்பது நம் பகுதியில் எல்லாரும் அறிந்த வரலாறு. அதைச் சோதனை செய்து பார்க்கும் அழைப்பாக ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டால் அதைவிட ஆபத்தானது வேறில்லை. உங்கள் பிள்ளை இப்படிக் கேட்டால் அது பக்திக் கேள்வி அல்ல, உதவி கேட்கும் குரல். அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள்.

நான் அவனுக்குச் சொன்னது இது: தாங்கும் கை உன் அம்மாவுடையதாக இருக்கலாம், தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருடையதாக இருக்கலாம், உயிரை விட முனைந்து பார்த்துத்தான் அந்தக் கையை அறிய வேண்டும் என்பதில்லை, இப்போது சொன்னாயே, இதுவே போதும். அவன் இன்று தொழிற்பயிற்சி படிக்கிறான்.

‘மானம் வரின் உயிர்நீப்பர்’ என்று குறளிலேயே இருக்கிறதே?

‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா அன்னார் / உயிர்நீப்பர் மானம் வரின்’ என்ற குறள் (969), மானம் என்ற அதிகாரத்தில் வருகிறது. தன் நிலையிலிருந்து தாழ்ந்து இழிசெயல் செய்யாமையைப் பற்றிய அதிகாரம் அது. பிளஸ் டூ கணக்கில் மதிப்பெண் குறைந்தது இழிசெயலா? நீட் தேர்வில் இடம் கிடைக்காதது இழிசெயலா? வகுப்பில் இக்குறளை நடத்தும் ஆசிரியர்கள் அந்த ஒரு விளக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். நானே பல ஆண்டு அதைச் சொல்லாமல் நடத்தியிருக்கிறேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

சமணர்கள் சல்லேகனை செய்கிறார்களே, அது மட்டும் சரியா?

வள்ளிமலைக் குகைச் சிற்பங்களையும் போளூர் அருகே திருமலையையும் பார்த்த பிள்ளைகள் இதைக் கேட்பதுண்டு. முதுமையாலோ தீராத நோயாலோ இறுதி நெருங்கியவர், குருவின் அனுமதியோடு, வெறுப்போ துயரமோ இன்றி, உயிர் பிரியும்வரை படிப்படியாக மேற்கொள்ளும் உண்ணாநோன்பாகவே சமண நெறி அதை வகுக்கிறது. வேதனையால் உயிரை மாய்ப்பதைச் சமணமும் வன்மையாக விலக்குகிறது. சல்லேகனை சட்டப்படி சரியா என்ற வழக்கில், 2015-இல் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் தடை விதிக்க, அதே மாதம் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அந்த விவாதத்துக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் துயரத்துக்கும் தொடர்பே இல்லை.

என் தோழி யாரிடமும் சொல்லக் கூடாதென்று சாமிமேல் சத்தியம் வாங்கிவிட்டாள். மீறினால் பாவம் வருமா?

நான் கேட்ட கேள்விகளிலேயே கடினமானது இதுதான். கேட்டவள் ஒன்பதாம் வகுப்புப் பெண். சொல்லிவிடு, உடனே சொல்லிவிடு என்பதே பதில். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார் வள்ளுவர் (292). ஒரு சத்தியம் செய்த பிறகு அதைவிட மேலானது எது என்று தெரிந்தால், மேலானதைச் செய்துவிட்டுச் சத்தியத்துக்குப் பரிகாரம் செய்யும்படி நபிமொழி சொல்கிறது. அந்தப் பரிகாரம் பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது, இயலாதவர் மூன்று நாள் நோன்பு வைப்பது. கொடுத்த ஆணையைக் காப்பாற்றுவதற்காகவே ஏரோது மன்னன் யோவான் ஸ்நானகனின் உயிரைப் பறித்தான் என்று சுவிசேஷம் சொல்கிறது. அவனை யாரும் சத்தியவான் என்று புகழவில்லை.

தோழி கோபித்துக்கொள்வாள், சில மாதம் பேசாமலும் இருப்பாள். பேசாமல் இருப்பதற்கு அவள் உயிரோடு இருக்க வேண்டும்.

மதமே காரணமாக இருந்தால் என்ன செய்வது?

இருக்கிறது, மறைத்துப் பயனில்லை. வேறு மதத்தவரையோ வேறு சாதியினரையோ விரும்பியதற்காக அறைக்குள் பூட்டப்பட்ட பெண்கள், தன் பாலினத்தவர்மீது ஈர்ப்பு உண்டு என்பதற்காக வழிபாட்டுக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி ஜெபிக்கப்பட்ட பையன், வீட்டார் நம்பிக்கையில் தனக்கு நம்பிக்கையில்லை என்று சொன்னதற்காகச் சோறு மறுக்கப்பட்டவன் ஆகியோரை நான் சந்தித்திருக்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு, மேலே சொன்ன பாதுகாப்பே தலைகீழாகிவிடுகிறது: எந்தச் சமூகம் தாங்க வேண்டுமோ அதுவே தள்ளிவிடுகிறது.

அந்த நிலையில் அதே வழிபாட்டுத் தலத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். திருமணம், மதம், ஒழுக்கம் பற்றிய வழக்கையெல்லாம் ஆறு மாதம் ஒத்திப் போடுங்கள். ‘இதைப் பற்றி நமக்குள் கருத்து ஒத்துப்போகாது, ஆனால் நீ எங்களுக்கு வேண்டும்’ என்ற ஒரு வாக்கியத்தை ஒரு தந்தை, காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, மகளுக்குப் படித்துக் காட்டினார். பார்க்காமல் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றார்.

எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவதில்லை. அதனால் பிள்ளைக்கு ஆபத்து அதிகமா?

ஆய்வுகள் சுட்டும் பாதுகாப்பில் பெரும்பங்கு, தன்னைத் தேடும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்விலிருந்து வருகிறது. அதைக் கபடி அணியும் நூலகமும் பெரியப்பா வீடும் தர முடியும். பிள்ளைக்காக மட்டும் பக்தியை நடிக்க வேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே?

மருத்துவமனை காவல் துறைக்குத் தகவல் தருவது நடைமுறை. அதற்கு அஞ்சி நேரம் கடத்துவதுதான் உயிரைக் குடிக்கும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, அவரைத் தண்டிக்கக் கூடாது என்று மேலே சொன்ன 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு கூறுகிறது. அது 2018 மே முதல் நடப்பில் உள்ளது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் கடமை அரசுக்கு உண்டு என்பதும் அதே பிரிவுதான். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவே இல்லை.

என் மகள் போய்விட்டாள். அவளுக்குச் சடங்கு செய்யலாமா? அவள் நரகத்திலா இருப்பாள்?

செய்யலாம், அம்மா. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகையவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது; 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல், கடும் மனவேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் சொல்கிறது. இஸ்லாத்தில் ஹனஃபி, ஷாஃபி சட்டவழியினர் இவர்களுக்கும் ஜனாஸா தொழுகை (இறந்தவருக்கான தொழுகை) உண்டு என்றே கொள்கிறார்கள். நோயின் வேதனை தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்ட ஒருவருக்காக நபிகளார் பாவமன்னிப்பு வேண்டிய செய்தி ‘ஸஹீஹ் முஸ்லிம்’ என்னும் நபிமொழித் தொகுப்பில் உள்ளது. இந்து மரபில் அகால மரணமடைந்தவர்களுக்கென்றே நாராயண பலி செய்து, பிறகு மற்றச் சடங்குகளைச் செய்கிறார்கள்.

உறவினர்களுக்கு ஒன்று: பதினாறாம் நாளோடு, நாற்பதாம் நாளோடு போவதை நிறுத்திவிடாதீர்கள். அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதன் பக்கத்திலும் உட்காருங்கள். அதனிடமும், மேலே எழுதியபடி, நேராகக் கேளுங்கள். போகும்போது சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். அந்த அடுப்பு பல நாள் எரியாது.